ஆளும் அரசருக்கு அனுமதி இல்லை

கச்சேரிக் கடிதம் அரைப் பக்கம்தான்.
ஆளுகின்ற அரசரை எவரும் வேடமிட்டு
மேடையில் காட்டலாகாது.
கீழே, ஏஜன்டருக்காக
யாரோ இட்ட கையெழுத்து.

ஒத்திகை தொடங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது.
வீரக்குட்டி மீசை வளர்த்து முடித்துவிட்டான்.
காசில் இருக்கும் அரசருக்கு மீசை இல்லை;
எங்கள் ஊரில் ராசா என்றால் மீசை.
காத்தான்குடித் தையற்காரர் ஆதம்லெவ்வை
சிவப்பு வெல்வெட்டைக் கடனுக்கு வாங்கி
அளவும் எடுத்துப் போயிருந்தார்.

பூபாலபிள்ளை மாஸ்டர்
கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.
"வேடம்தானே கூடாது?
குரல் கூடாதெண்டு எங்க கிடக்கு?"

இப்படித்தான் புளியந்தீவு மண்டபத்தில்
ஓடாவி அந்திராடோ செய்த சிம்மாசனம்
ஆளில்லாமல் மேடை ஏறியது.
அதன் முதுகுக்குப் பின்னே, கறுப்புத் துணிக்குள்,
அரிக்கன் லாம்பும் வசனக் கொப்பியுமாய் நான்.
அதுவரை, மறந்தவர்களுக்கு
அடி எடுத்துக் கொடுத்தவன்.
ஒத்திகையில் ஒருநாள் தும்மினேன்.
மந்திரிமார் மூவரும் குனிந்து வணங்கினார்கள்.

கதை சின்னது.
வயல் மூழ்குது, முகத்துவாரத்தை வெட்டித் தாங்கோ என்று
படுவான்கரையிலிருந்து புறப்படும் ஒரு மனு
ஆபீசு ஆபீசாய் ஏறி இறங்கி
கப்பலேறி
அரசரின் கைக்குப் போய்ச் சேரும்.
கடைசிக் காட்சியில் அரசர் சொல்வார்:
"பரிசீலிக்கிறோம்."
அத்தோடு திரை.

முதல் இரவு டிக்கெட் நூற்றுப் பன்னிரண்டு.
முன்வரிசை முழுக்க ஓசி.
இரண்டாம் இரவு மழை; பெற்றோல்மக்ஸ் ஒன்று வெடித்து
பாதி அரசவை இருட்டில் நடந்தது.

மூன்றாம் இரவும் மழை.
வலையிறவில் தோணி பிடித்து
இடுப்புவரை நனைந்து வந்த ஆட்கள்
பின்வாங்குகளில் நெருக்கி இருந்தார்கள்.
அழுகிய கதிரின் மணம்
துணியைத் தாண்டி எனக்கு வந்தது.
மனு வாசித்தபோது ஒருவரும் இருமவில்லை.

கொப்பியில் சொல் இருந்தது.
என் விரல் அதன் கீழேதான் இருந்தது.

"வெட்டுங்கள்" என்றேன்.

கைதட்டல் இல்லை.
வாங்குகள் கிறீச்சிட்டுப் பின்தள்ளும் சத்தம் மட்டும்.
மாஸ்டர் திரைக் கயிற்றைப் பிடித்தபடி
இழுக்க மறந்து நின்றார்.

விடிய, மணல்திட்டில் மண்வெட்டி வடுக்கள்.
வாவி செம்மண் நிறத்தில்
கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
இன்ஸ்பெக்டர் கேட்டாராம், கட்டளை ஆருடையது?
அறுபது பேருக்கும் ஒரே வாய்:
"ராசாட."
எழுத எடுத்த பேனையை
அவர் மூடிவைத்தார் என்கிறார்கள்.
ராசாவின் மேல் வழக்கென்றால்
ராசாவின் பேரில்தானே போட வேண்டும்?

தை முடியுமுன் றேடியோ சொன்னது,
அரசர் காலமானார்.
கடைகள் பூட்டின. அந்திராடோ
சிம்மாசனத்துக் காலில் கறுப்பு நாடா கட்டினார்.
பங்குனியில் இன்னொரு கடிதம்:
விண்ணப்பத்திற் கண்ட அரசர்
தற்போது ஆளாதபடியால்
ஆட்சேபனை இல்லை.

சித்திரையில், கல்லாற்றில்,
வீரக்குட்டி வெல்வெட் அங்கியோடு வந்து அமர்ந்தான்.
நல்ல நடிகன், நல்ல தொண்டை.
நான் எடுத்துக் கொடுக்க
அவனுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.
"பரிசீலிக்கிறோம்" என்றான், எழுத்துப் பிசகாமல்.

சனத்துக்குள்ளிருந்து ஒருவர்:
"நீ எழும்பு மனே,
கதிரையைக் கதைக்க விடு."

அவன் எழும்பவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.
வாவி வாய் அப்போது
மறுபடி மணலால் மூடிக் கிடந்தது.

ஆதம்லெவ்வையின் வெல்வெட் கடன்
எட்டு ரூபாவும் சில்லறையும்
கணக்குக் கொப்பியில் என் பேரில் நிற்கிறது.
இனி ஆள்வது ராணியாம்.
மாஸ்டர் கச்சேரிக்குப் புது விண்ணப்பம் எழுதுகிறார்.
வீரக்குட்டி நேற்று
மீசையை மழித்துக்கொண்டு வந்து
வாசலில் நின்றான்.